கழற்றப்பட்ட கீழ்த்தட்டு: ஒரு பம்ப் உதிரிபாகக் கிடங்கில் ரேக் சாய்ந்ததும் செம்புக் கம்பி குறைந்ததும்

எதைப் பற்றிய பதிவு

கோயம்புத்தூரில் பம்ப், மோட்டார் உதிரிபாகங்களை மொத்தமாக விற்கும் ஒரு கடையின் கிடங்கில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். கடையையோ அதில் பணிபுரிபவர்களையோ அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். இரும்பு ரேக்கின் கால் ஒன்று நெளிந்துவிட்டது, அதைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றுதான் என்னை அழைத்தார்கள். அதே கிடங்கின் பூட்டிய அறையிலிருந்து செம்புக் கம்பி காணாமல் போயிருந்தது. கடைக்காரர்கள் அதைத் தனி விவகாரமாகவே கருதியிருந்தார்கள். இரண்டும் ஒரே இடத்தில் தொடங்கியவை என்பது ஆய்வின் நடுவில்தான் தெரியவந்தது. ஸ்லாட்டட் ஆங்கிள் (வரிசையாகத் துளையிட்ட L வடிவ இரும்புச் சட்டம்) ரேக்கும், மூலையில் அடைத்துக் கட்டிய பூட்டறையும் நம் ஊர்க் கடைகளில் மிகப் பரவலாக இருப்பதால், இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பின்னணி

கிடங்கு பழைய கட்டடம். ஆர்சிசி தூண்களுக்கு இடையே செங்கல் சுவர். தரை செங்கல் ஜல்லியின் மேல் சிமெண்ட் பூசியது. ஒரு சுவரை ஒட்டி நான்கு ரேக்குகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் 8 அடி உயரம், 3 அடி அகலம், 15 அங்குல ஆழம். கால்கள் 14 கேஜ் தகட்டில், அதாவது ஏறத்தாழ 2 மி.மீ. கனத்தில் செய்த துளையிட்ட ஆங்கிள்கள். தட்டுகள் 20 கேஜ், ஏறத்தாழ 0.9 மி.மீ. ஒரு ரேக்குக்கு ஆறு தட்டுகள். தரையிலிருந்து 4 அங்குலத்தில் முதல் தட்டும், அதற்கு மேல் சுமார் 18 அங்குலத்துக்கு ஒன்றாக மற்றவையும் மாட்டப்பட்டிருந்தன. நிறுவியபோது ஒவ்வொரு மூலையிலும் கசட் பிளேட் (மூலையை விறைப்பாக்கும் சிறு தகடு) வைத்து இரண்டிரண்டு போல்ட் முடுக்கியிருக்கிறார்கள். தட்டுக்கு 80 கிலோ தாங்கும் என்று விற்றவர் வாய்வழியாகச் சொன்னதாக முதலாளி நினைவுகூர்ந்தார். எழுத்தில் எதுவும் இல்லை. ரேக்கிலும் சுமை அளவு குறித்த தகடு இல்லை.

நான்காவது ரேக்கை ஒட்டிய மூலையில், இரண்டு பக்கம் சுவரும் இரண்டு பக்கம் பிளைவுட்டுமாக ஒரு சிறிய அறை அடைக்கப்பட்டிருந்தது. மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றும் ரீவைண்டிங் பட்டறைகளுக்கு விற்கும் செம்புக் கம்பிச் சுருள்கள், விலை கூடிய பேரிங்குகள் ஆகியவை அதனுள் இருந்தன. அறைக்குத் தனியாக ஒரு நிலைக்கால் நட்டால் நடைபாதை குறுகும் என்பதால், தச்சர் நான்காவது ரேக்கின் காலிலேயே மரச்சட்டத்தைத் திருகி, அதைக் கதவின் ஒரு பக்க நிலையாக்கியிருந்தார். கதவில் திண்டுக்கல் மாங்காய் பூட்டு தொங்கியது. சாவி ஸ்டோர் பொறுப்பாளரிடம் இருந்தது. அவர் அந்தக் கடையில் நெடுங்காலமாக இருப்பவர், முதலாளியைவிட மூத்தவர்.

ஸ்லாட்டட் ஆங்கிள் பிறந்த கதையை இங்கே சொல்லியாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் பிறந்து லண்டனில் அச்சகம் நடத்திய டிமெட்ரியஸ் கொமினோ இதை உருவாக்கி, 1947-ல் டெக்ஸியான் நிறுவனத்தின் வழியாகச் சந்தைக்குக் கொண்டுவந்தார். தேவை மாறும்போதெல்லாம் மர அலமாரியை உடைத்து மறுபடி செய்வதில் வீணாகும் மரமும் உழைப்பும்தான் அவரை இதில் இறக்கின. வரிசையாகத் துளையிட்ட ஆங்கிளை வேண்டிய நீளத்துக்கு வெட்டி, நட்டு போல்ட்டால் எப்படி வேண்டுமானாலும் இணைக்கலாம், நாளை பிரித்து வேறொன்றாகவும் கட்டலாம். உண்மையிலேயே அருமையான கண்டுபிடிப்பு. உலகெங்கும் சிறு வணிகர்களுக்கும் நூலகங்களுக்கும் அது செய்த உதவி பெரிது. ஆனால் ஸ்பானர் வைத்திருக்கும் எவரும் மாற்றலாம் என்ற அதே வசதியில்தான் ஆபத்தும் இருக்கிறது. முதலில் கட்டியவர் எதற்காகக் கீழ்த்தட்டை 4 அங்குலத்தில் வைத்தார் என்பது, பிறகு ஸ்பானர் எடுப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

மாற்றங்கள் நடந்த வரிசை

முதலாளி, பொறுப்பாளர், சுமை தூக்கும் இரண்டு இளைஞர்கள், தச்சர் ஆகிய ஐவரிடமும் தனித்தனியாகக் கேட்டு இந்த வரிசையைத் தொகுத்தேன். பில் புத்தகமும் தச்சருக்குக் கூலி கொடுத்த குறிப்பும் ஒப்பிட உதவின.

கோடையில் நிலத்தடி நீர் இறங்கும்போது பம்ப் பழுதும் புது மோட்டார் வாங்குவதும் கூடும். அதற்கு முன்பே கடைகள் சரக்கை ஏற்றிக்கொள்ளும். அப்படியொரு பருவத்தில் மோனோபிளாக் பம்ப் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இணைந்தது) பெட்டிகளை வைக்க இடம் போதாமல், நான்காவது ரேக்கின் கீழ்த்தட்டைக் கழற்றியிருக்கிறார்கள். பெட்டியைத் தரையில் இரண்டடுக்காக வைக்க வசதியாக, இரண்டாம் தட்டை 36 அங்குல உயரத்துக்கு ஏற்றி, மேலே இருந்தவற்றை நெருக்கி மாட்டியிருக்கிறார்கள். கழற்றிய தட்டையும் வீணாக்காமல் உச்சிக்கு அருகில் மாட்டிவிட்டார்கள். தட்டுகளின் எண்ணிக்கை குறையவில்லை, ஆனால் பாரம் முழுவதும் மேலே போய்விட்டது. மாற்றி மாட்டியபோது பல மூலைகளில் கசட் பிளேட் திரும்பப் பொருத்தப்படவில்லை. இரண்டு போல்ட் இருந்த இடத்தில் ஒன்றுதான் இருந்தது.

அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பூட்டறைக் கதவு மூட மறுத்தது. மேல் மூலை நிலையில் இடித்தது. “மழைக்குக் கதவு ஊதிப்போச்சுன்னு நெனைச்சோமுங்க” என்றார் பொறுப்பாளர். நியாயமான ஊகம்தான், மழைக்காலத்தில் மரக்கதவு இறுகுவது எல்லா வீட்டிலும் நடப்பது. தச்சர் வந்து மேல் விளிம்பை இழைத்துக் கொடுத்தார். சில வாரங்களில் மறுபடி இடித்தது. மழை நின்ற பிறகும் இடித்தது என்பதை அப்போது ஒருவரும் கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் முறை வந்த தச்சர் நிலையான தீர்வு என்று நினைத்து, சட்டத்துக்குள் அமர்ந்து உட்புறம் திறந்த கதவை, சட்டத்தின் முகத்தில் படிந்து வெளிப்புறம் திறக்கும்படி மாற்றிவிட்டார். சட்டம் எவ்வளவு கோணினாலும் முகத்தில் படியும் கதவு இடிக்காது என்பது சரிதான். ஆனால் அதோடு கீல்களும் அவற்றின் திருகுகளும் அறைக்கு வெளியே வந்துவிட்டன.

மார்ச் இறுதிச் சரக்குக் கணக்கெடுப்பில் செம்புச் சுருள்கள் குறைந்தன. கதவில் உடைப்பு இல்லை, பூட்டில் கீறலும் இல்லை. ஆகவே சாவி வைத்திருந்தவர்மீது சந்தேகம் விழுந்தது. முதலாளி அவரை வெளிப்படையாகக் குற்றம் சொல்லவில்லை, ஆனால் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். ஏப்ரல் முதல் வாரத்தில், கோடைச் சரக்கு முழுவதும் ஏறியிருந்த நிலையில், காலையில் ஷட்டரைத் திறந்தவர்கள் நான்காவது ரேக்கின் முன்கால் ஒன்று முழங்கால் உயரத்தில் வெளிப்பக்கமாக நெளிந்திருப்பதைக் கண்டார்கள். அறையின் மரச்சட்டம்தான் ரேக்கைச் சாய்ந்து விழாமல் தாங்கிக்கொண்டிருந்தது.

முதலில் செய்தது

யாரும் அந்த நடைபாதைக்குள் போகக் கூடாது என்று தொலைபேசியிலேயே சொன்னேன். போய்ப் பார்த்தபோது, சுமையோடு நிமிர்த்திவிடலாம் என்ற எண்ணத்தில் இளைஞர் ஒருவர் கயிறு கட்டத் தயாராக இருந்தார். நெளியத் தொடங்கிய காலுக்கு மிச்சம் எவ்வளவு பலம் இருக்கிறது என்பதைக் கண்ணால் கணிக்க முடியாது. பக்கவாட்டில் ஒரு சிறிய இழுப்பே அதை வீழ்த்தப் போதும். எனவே பக்கத்து ரேக்கோடு மேற்பகுதியில் ஒரு பட்டையை போல்ட் போட்டுப் பிணைத்து, நெளிந்த காலுக்கு அருகே இரண்டாம் தட்டின் அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுத்த பிறகே இறக்க அனுமதித்தேன். உச்சித் தட்டிலிருந்து தொடங்கி, ரேக்குக்கு நேர் முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்று, ஒவ்வொரு பெட்டியாக இறக்கினார்கள். இறக்கியதைக் கிடங்கின் தராசிலேயே தட்டுவாரியாக எடை போட்டோம். யாருக்கும் காயம் இல்லை.

அளந்து கண்டவை

தராசுக் கணக்கில் அந்த ஒரு ரேக்கில் மொத்தம் 620 கிலோ இருந்தது. விற்றவர் சொன்ன 80 கிலோவை ஆறு தட்டுக்குப் பெருக்கினால் 480 கிலோ. மிகை இருந்தது உண்மைதான். ஆனால் பக்கத்து ரேக்கிலும் ஏறக்குறைய அதே மிகை இருந்தும் அதன் கால்கள் நேராக நின்றதால், மிகைச்சுமை மட்டுமே காரணம் என்று முடித்துவிட முடியவில்லை.

இரண்டு ரேக்குகளுக்கும் இருந்த வேறுபாடு கீழ்த்தட்டுதான். ஒல்லியான தூண் ஒன்று நசுங்குவதற்கு முன்பே நெளிந்து பக்கவாட்டில் ஓடிவிடும். அதற்கு எவ்வளவு சுமை வேண்டும் என்பதை லியோன்ஹார்ட் ஆய்லர் 1744-லேயே கணக்கிட்டுக் காட்டினார். அந்தச் சுமை, தூணின் பிடிப்பில்லாத நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் அமையும். ரேக்கின் காலுக்குப் பிடிப்பு கொடுப்பவை தட்டுகள். 18 அங்குலத்துக்கு ஒரு பிடிப்பு இருந்த கால், கீழ்த்தட்டைக் கழற்றியதும் தரையிலிருந்து 36 அங்குலம் பிடிப்பின்றி நின்றது. நீளம் இரட்டித்தால் தாங்குதிறன் நான்கில் ஒரு பங்காகும். ஆங்கிளின் கனம் அதுவேதான், இரும்பும் அதுவேதான். ஒரு தட்டு இடம் மாறியதில் முக்கால் பங்கு தாங்குதிறன் போய்விட்டது. துளைகள் நிறைந்த மெல்லிய ஆங்கிள் நெளிவதோடு முறுக்கிக்கொள்ளவும் செய்யும் என்பதால், உண்மையில் கிடைப்பது இந்தக் கணக்கைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ரேக் வாங்க வருபவர்கள் “எத்தனை கேஜ்” என்று மட்டுமே கேட்கிறார்கள்; “எத்தனை அங்குலத்துக்கு ஒரு பிடிப்பு” என்று யாரும் கேட்பதில்லை. அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் பலன் அதிகம்.

அடுத்தது மூலை. கசட் பிளேட்டும் இரண்டு போல்ட்டும் இருக்கும்போது காலும் தட்டும் சேருமிடம் விறைப்பாக இருக்கும். ஒரே போல்ட் மட்டும் இருந்தால் அது கீல் போலச் சுழலும். நான்கு மூலையும் சுழலக்கூடிய செவ்வகம் இணைகரமாகச் சரிவதற்குப் பெரிய விசை தேவையில்லை. முதுகுப்பக்கம் குறுக்குப் பட்டை போட்டு முக்கோணமாக்கியிருந்தால் இது நேர்ந்திருக்காது; இந்த ரேக்குகளுக்கு அது தொடக்கத்திலிருந்தே இல்லை. தூக்குக்குண்டு கட்டிப் பார்த்ததில், 8 அடி உயரத்துக்கு 34 மி.மீ. சாய்வு, பூட்டறையை நோக்கி இருந்தது. அமெரிக்க ரேக் உற்பத்தியாளர்களின் தரவிதி, 10 அடிக்கு அரை அங்குலத்துக்கு மேல் சாயக் கூடாது என்கிறது. அந்தக் கணக்கில் 8 அடிக்கு ஏறத்தாழ 10 மி.மீ.தான். அதே விதி, உயரம் ஆழத்தைவிட ஆறு மடங்குக்கு மேல் போனால் ரேக்கைக் கூடுதலாகப் பிணைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இங்கே 96 அங்குல உயரமும் 15 அங்குல ஆழமும் 6.4 மடங்கு. இந்த விதி பெரிய கிடங்குகளுக்காக எழுதப்பட்டது என்றாலும் சிறிய ரேக்குக்கும் வழிகாட்டியாகக் கொள்ளத் தடையில்லை என்பது என் கருத்து.

தட்டுகளின் தொய்வையும் நூல் பிடித்துப் பார்த்தேன். பொதுவாக நீளத்தில் 180-ல் அல்லது 200-ல் ஒரு பங்குக்கு மேல் தொய்யக் கூடாது என்பார்கள். 3 அடித் தட்டுக்கு ஏறத்தாழ 5 மி.மீ. வரும். வார்ப்பிரும்பு இம்பெல்லர்களை (பம்பினுள் சுழலும் சக்கரங்களை) நடுவில் குவித்திருந்த தட்டு அதைத் தாண்டித் தொய்ந்திருந்தது. அதைவிட எடை கூடிய, ஆனால் பரப்பி வைத்திருந்த தட்டு தாண்டவில்லை. ஒரே எடையைப் பரப்பாமல் நடுவில் குவித்தால் தட்டின் மீதான வளைவு விசை இரு மடங்காகும், தொய்வு 1.6 மடங்காகும்.

கதவில் கண்டது

சாய்வு பூட்டறையை நோக்கி இருந்ததால்தான் கதவைப் பார்க்கத் தோன்றியது. ரேக்கின் காலே கதவின் நிலையாக இருந்ததால், ரேக் சாயச் சாய நிலையும் சாய்ந்து, கதவின் மேல் மூலையை இடித்திருக்கிறது. மழை ஓரளவு பங்காற்றியிருக்கலாம். ஆனால் மழை நின்ற பிறகும் இடித்ததற்கு இதுதான் விளக்கம். இழைத்த கதவின் மேல் விளிம்பு நேராக இல்லாமல் ஒரு பக்கம் சரிந்திருந்தது. தச்சர் இழைத்த அந்தச் சரிவே ரேக்கின் சாய்வை அளந்து வைத்திருந்தது.

பிறகு கீல்கள். மேல் கீலில் ஆறு திருகுகள். நான்கின் தலையில் ஒற்றைக் கோடு வெட்டு, இரண்டில் நட்சத்திர வெட்டு. தச்சர் ஆறையும் ஒரே பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டதாகச் சொன்னார். அவருடைய பெட்டியில் எல்லாமே ஒற்றைக் கோடு வெட்டுத் திருகுகள்தான். கதவுக்கு அடித்த பச்சை பெயிண்ட் அந்த நான்கு திருகுகளின் வெட்டுக்குள்ளும் இறங்கியிருந்தது, ஆனால் மூன்றில் அந்தப் பெயிண்ட் உடைந்து உள்ளே இரும்பு பளபளத்தது. கீழ்க் கீலிலும் அதே தடயம். யாரோ திருகுகளைக் கழற்றி, கீல் பக்கத்திலிருந்து கதவை நெம்பித் திறந்து, பிறகு மாட்டியிருக்கிறார்கள்; தொலைந்த இரண்டு திருகுகளுக்குப் பதிலாகக் கைக்குக் கிடைத்ததைப் போட்டிருக்கிறார்கள். பூட்டு தொடப்படவே இல்லை.

“பூட்டு அப்படியே இருக்குதுங்க, சாவி இல்லாம எப்படிங்க எடுத்திருப்பாங்க?” என்பதுதான் முதலாளி அதுவரை கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. நானே ஒரு ஸ்க்ரூ டிரைவரால் அவர் முன்னிலையில் அதைச் செய்து காட்டினேன். பூட்டு பூட்டியபடியே இருக்க, கதவு மறுபக்கம் திறந்தது. யார் எடுத்தார்கள் என்பதை இந்த ஆய்வு சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. சாவி இல்லாமலேயே எடுக்க முடிந்திருக்கும் என்பதையும், கழற்றி மாட்டிய தடயம் இருப்பதையும் மட்டும் எழுத்தில் கொடுத்தேன். சாவி வைத்திருந்தவர்மீதான சந்தேகத்துக்கு இருந்த ஒரே ஆதாரம் அதோடு விழுந்தது. என் குறிப்பில் மிக அவசரமாக எழுதிக் கொடுக்க வேண்டியது இந்தப் பகுதிதான் என்று எனக்குப் பட்டது. ரேக்கைப் பற்றியது அடுத்த நாள் வரை பொறுக்கும்.

பாதுகாப்பு என்றாலே பூட்டைப் பார்க்கும் வழக்கம் இங்கே மட்டும் உள்ளதல்ல. 1851-ல் லண்டன் மாபெரும் கண்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ், திறக்கவே முடியாது என்று பெயரெடுத்த சப், பிராமா பூட்டுகளைத் திறந்து காட்டியபோது இங்கிலாந்தே கலங்கியது. அதன் பிறகு பூட்டுக் கண்டுபிடிப்புகள் பெருகின. ஆனால் சாதாரணக் கடைகளில் பூட்டின் நுட்பத்தோடு மோதும் திருடர் அரிது. கீல், நாதாங்கியின் திருகு, பிளைவுட் சுவர், மேலே திறந்த கூரை இடைவெளி இவற்றில் எது எளிதோ அதன் வழியாகவே வருகிறார்கள்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

நெளிந்த காலைச் சுத்தியலால் நிமிர்த்திப் பயன்படுத்தலாமா என்று முதலாளி கேட்டார். நெளிந்த இடத்தில் இரண்டு துளைகளின் ஓரம் கிழியத் தொடங்கியிருந்தது. குளிர்நிலையில் மடங்கிய தகட்டை நிமிர்த்தினால் பார்வைக்கு நேராக இருக்கும், ஆனால் அடுத்த முறை அதே இடத்தில் முன்பைவிடக் குறைந்த சுமைக்கே நெளியும். ஆகவே அந்தக் காலை மட்டும் புதிதாக மாற்றினோம்.

மொத்த ரேக்கையும் கனமான ஆங்கிளில் மாற்றுவது, போல்ட் இல்லாமல் கொக்கி மாட்டும் கனரக ரேக் வாங்குவது, இருப்பதையே சீர்செய்வது என மூன்று வழிகளை எடைபோட்டோம். கொக்கி ரேக்கில் குறுக்குச் சட்டம் தற்செயலாக எகிறி வராமலிருக்கப் பாதுகாப்பு ஊசி உண்டு; அது நல்ல ஏற்பாடு. ஆனால் கீழ்ச்சட்டத்தை உயர்த்தினால் அதிலும் இதே கதைதான் நடக்கும். பிரச்சினை கனத்தில் இல்லை, பிடிப்பில் இருந்தது என்பதால் மூன்றாம் வழியைத் தேர்ந்தோம். நான்காவது ரேக்கின் கீழ்த்தட்டு தரையிலிருந்து 4 அங்குலத்தில் திரும்ப வைக்கப்பட்டது. நான்கு ரேக்கிலும் எல்லா மூலைகளிலும் கசட் பிளேட்டும் இரண்டு போல்ட்டும் வந்தன. முதுகிலும் இரு பக்கவாட்டிலும் குறுக்குப் பட்டைகள் போடப்பட்டன. வார்ப்பிரும்பும் மோட்டார் பெட்டிகளும் ரேக்கிலிருந்து இறக்கப்பட்டு, ஆங்கிளில் வெல்டிங் செய்த ஓரடி உயர மேடைக்கு மாற்றப்பட்டன. இதற்காக ஒரு பழைய மேசையும் காலிப் பெட்டிகளும் அகற்றப்பட்டன. இடப் பற்றாக்குறை என்று சொல்லப்பட்டதில் பாதி அதிலேயே தீர்ந்தது.

தரையில் ஆங்கர் போல்ட் அடிக்கும் யோசனை சோதனையிலேயே கைவிடப்பட்டது. ஆங்கர் விரிந்து பிடிக்க அடர்த்தியான கான்கிரீட் வேண்டும். இங்கே துளையிட்டபோது மெல்லிய சிமெண்டுக்குக் கீழே செங்கல் தூள்தான் வந்தது, முடுக்கிய போல்ட் நின்ற இடத்திலேயே சுழன்றது. பிடிக்காத ஆங்கர் இருப்பதைவிட இல்லாதிருப்பது நல்லது, ஏனெனில் அது இருக்கிறதென்று நம்பிச் சுமை ஏற்றுவார்கள். எனவே காலுக்கு அகன்ற பேஸ் பிளேட் வைத்து, நான்கு ரேக்குகளையும் மேலே ஒரே ஆங்கிளால் பிணைத்து, அந்த ஆங்கிளை இரண்டு ஆர்சிசி தூண்களில் இறுக்கினோம். செங்கல் சுவரில் எதையும் பிடிக்கவில்லை.

பூட்டறை ரேக்கிலிருந்து முழுவதும் பிரிக்கப்பட்டது. இந்த ஒன்றில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. நடைபாதை நான்கு அங்குலம் குறையும் என்ற மறுப்பையும் ஏற்கவில்லை. 5 மி.மீ. கன ஆங்கிள் சட்டத்தில், 10 கேஜ் கம்பியில் 50 மி.மீ. கண் உள்ள வெல்டு மெஷ், பக்கத்திலும் மேலேயும் அடைக்கப்பட்டது. தகட்டுக்குப் பதில் மெஷ் தேர்ந்ததற்குக் காரணம், உள்ளே இருப்பது வெளியிலிருந்தே கண்ணுக்குத் தெரியும் என்பதுதான். சுருள்களைப் பத்துப் பத்தாக அடுக்கினால் கடந்து போகும்போதே குறைவு தெரியும், ஆண்டு இறுதி வரை காத்திருக்க வேண்டியதில்லை. காற்றோட்டமும் கிடைக்கும். கீல்கள் சட்டத்தோடு வெல்டிங் செய்யப்பட்டு, அவற்றின் ஊசிகளின் இரு முனைகளும் தட்டி மூடப்பட்டன. கதவின் கீல் பக்க விளிம்பில் இரண்டு கொண்டிகள் வைக்கப்பட்டன. கதவு மூடும்போது அவை சட்டத்தில் உள்ள துளைகளுக்குள் நுழைந்துவிடும். கீலை அறுத்தாலும் அந்தப் பக்கம் கதவைப் பெயர்க்க முடியாது. இரும்புப் பெட்டிகளில் நெடுங்காலமாக உள்ள எளிய ஏற்பாடுதான் இது. பட்டறையில் அதற்கு ஆன கூடுதல் செலவு மிகச் சிறிது. நாதாங்கி, வெளியே உருண்டைத் தலையும் உள்ளே நட்டும் வரும்படி ஊடுருவும் போல்ட்டால் பிடிக்கப்பட்டது. பழைய மாங்காய் பூட்டே திரும்பத் தொங்கியது. அதில் குறையே இல்லை.

பின்னர் நடந்தது

செம்பு திரும்பக் கிடைக்கவில்லை. காவல் நிலையத்தில் கொடுத்த புகாரோடு என் குறிப்பும் சேர்க்கப்பட்டது. நான் கடைசியாக விசாரித்தபோது யார் எடுத்தது என்பது தெரிந்திருக்கவில்லை. சாவி மறுபடி பொறுப்பாளரிடமே வந்தது. முதலாளி மற்றவர்கள் முன்னிலையில் அதை அவர் கையில் கொடுத்தார். பெரியவர் வாங்கிக்கொண்டு, இனிச் சாவியை எடுப்பவர் பெயரும் நேரமும் எழுத ஒரு நோட்டு வேண்டும் என்று கேட்டார். அது அன்றே வந்தது.

அடுத்த கோடைச் சரக்கு ஏறிய நிலையில் மறுபடி தூக்குக்குண்டு கட்டிப் பார்த்தேன். நான்கு ரேக்குகளும் 10 மி.மீ. வரம்புக்கு உள்ளேயே நின்றன. கதவு இடிக்கவில்லை. இரண்டு விஷயங்கள் மட்டும் திருத்த வேண்டியிருந்தன. ஒவ்வொரு தட்டிலும் 70 கிலோ என்று பெயிண்டில் எழுதியதை யாரும் பின்பற்றவில்லை, ஏனெனில் பெட்டியைத் தூக்கி வைப்பவர் அதை எடை போட்டுப் பார்ப்பதில்லை. கிலோவை அழித்துவிட்டு, அந்தத் தட்டில் வழக்கமாக வைக்கும் பொருளின் பெயரையும் “6 பெட்டி” என்பது போன்ற எண்ணிக்கையையும் எழுதினோம். அதற்குப் பிறகு இளைஞர்களே ஒருவரையொருவர் திருத்தத் தொடங்கினார்கள். மற்றொன்று, இரண்டாம் ரேக்கின் முதுகுப் பட்டை ஒன்றை நீளமான ஷாஃப்ட் ஒன்றை எடுப்பதற்காகக் கழற்றி, திரும்ப மாட்டாமல் சுவரோரம் சாத்தி வைத்திருந்தார்கள். அதை மாட்டச் செய்து, பட்டைகளுக்கெல்லாம் சிவப்பு பெயிண்ட் அடிக்கச் சொன்னேன். சிவப்பு அடித்ததைக் கழற்ற முதலாளியைக் கேட்க வேண்டும் என்பது இப்போது அங்கே வழக்கம்.

இனி மாற வேண்டியவை

ரேக் விற்பவர் தட்டின் தாங்குதிறனோடு, எந்தத் தட்டு இடைவெளிக்கு அந்த எண் பொருந்தும் என்பதையும் சேர்த்துத் தகட்டில் அச்சிட்டு ஒட்ட வேண்டும். இடைவெளியைச் சொல்லாமல் கிலோவை மட்டும் சொல்வது பாதித் தகவல்தான். கீழ்த்தட்டின் போல்ட்டுகளையாவது சாதாரண ஸ்பானரில் கழற்ற முடியாதபடி, முடுக்கியதும் தலை முறிந்துவிடும் வகையில் கொடுக்கலாம். அப்படிப்பட்ட போல்ட்டுகள் சந்தையில் கிடைக்கின்றன. ரேக்கில் வேறு எந்தக் கட்டுமானத்தையும் திருகக் கூடாது என்பதையும் விலைப்பட்டியலிலேயே எழுதிக் கொடுக்கலாம்.

கடைப் பக்கத்தில், கதவோ இழுப்பறையோ திடீரென்று இறுகினால் முதலில் தூக்குக்குண்டு, பிறகுதான் இழைப்புளி என்ற வரிசையைப் பரிந்துரைத்திருக்கிறேன். தச்சரும் இதை ஏற்றுக்கொண்டார். வேறொரு கடையில் இப்படி ஒரு கதவை இழைக்க மறுத்து, ரேக்கைப் பார்க்கச் சொன்னதாகப் பின்னர் தெரிவித்தார்.

ஒரு பரிந்துரை மட்டும் இன்னும் நிறைவேறவில்லை. இதே முதலாளியின் இன்னொரு சிறிய கிடங்கிலும் அதே உயரமும் அதே ஆழமும் கொண்ட இரண்டு ரேக்குகள், முதுகுப் பட்டையும் மேற்பிணைப்பும் இல்லாமல் நிற்கின்றன. அங்கே பிடிக்க ஆர்சிசி தூண் இல்லாததால், நடைபாதைக்கு மேலாக இரண்டு ரேக்குகளையும் எதிரெதிரே ஆங்கிளால் பிணைக்கும்படி அளவு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அந்த வேலை முடியும் வரை அவற்றின் மேல் இரண்டு தட்டுகளைக் காலியாக வைக்க முதலாளி ஒப்புக்கொண்டிருக்கிறார்.